தேய்மானக் கணக்கு: ஒரு கிராமபோன் ஊசியின் கதை

ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வருபவர்கள் கடைசியாக இறங்கும் இடத்துக்கு 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று பெயர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே இறங்கி ஓடுகிறார்கள். மார்க்கெட் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. 1900-ல் திறக்கப்பட்டு 1985 மே மாதம் தீயில் அழிந்துபோன ஒரு சந்தையின் பெயர் அது. பழைய புத்தகம், பழைய சாமான், பழைய கிராமபோன் தட்டு எல்லாம் அங்கே கிடைத்தன. பூந்தமல்லிக்குப் புறநகர் ரயில் கிடையாது. ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராக வந்தால் சென்ட்ரல்தான். ஆக, மேற்குப் புறநகர்க்காரர்கள் எல்லோருக்கும் அது கைக்கெட்டும் கடைவீதி.

பழைய தட்டு வாங்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது பாடியவர் பெயரை அல்ல. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். கறுப்பாகப் பளபளத்தால் நல்ல தட்டு. சாம்பல் பூத்தது போல் வெளுத்திருந்தால் தேய்ந்த தட்டு. அதில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

அந்தச் சாம்பல் நிறத்துக்குக் காரணம் யார்? ஊசி! தட்டு ஓட்டும் இயந்திரத்தின் விலையில் மிகச் சின்னப் பங்குதான் ஊசிக்கு. ஆனால் பாட்டு நன்றாகக் கேட்பதும், தட்டு பிழைப்பதும் சாவதும் அந்தச் சின்னப் பொருளின் கையில்தான் இருந்தது. கிராமபோன் வரலாறு என்றால் எடிசன், பெர்லினர் என்று பெரிய பெயர்களையே சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை ஊசி, எடை, ரப்பர், பிரஷ் போன்ற சில்லறைச் சாமான்களின் வரலாறு.

இரண்டில் ஒன்று தேய்ந்தே தீரும்

எடிசன் 1877-ல் ஒலியைப் பதிவுசெய்து திரும்பக் கேட்க வைத்தார். அவர் பயன்படுத்தியது உருளை. எமில் பெர்லினர் 1887-ல் தட்டையான வட்டத்துக்கு வந்தார். தட்டில் ஒரே ஒரு நீண்ட பள்ளம் சுருளாக ஓடுகிறது. அந்தப் பள்ளத்தின் நெளிவுதான் பாட்டு. ஊசி அந்த நெளிவில் ஓடி அசைகிறது, அசைவு ஒலியாகிறது.

இரண்டு பொருள்கள் உரசினால் தேய்மானம் உண்டு. கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்றால் சொத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவது. இங்கே நிஜமான தேய்மானம்! கேள்வி ஒன்றுதான். தேயப்போவது ஊசியா, தட்டா? கிராமபோனின் 100 வருட வரலாற்றையே இந்த ஒரு கேள்விக்கு அவ்வப்போது சொல்லப்பட்ட பதில்கள் என்று படிக்கலாம்.

முதல் பதில் மிகவும் புத்திசாலித்தனமானது. 78 ஆர்.பி.எம். தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் விட்டுச்செல்லும் பிசின் அது. (இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு விதித்தது, தட்டு உற்பத்தியே தடுமாறியது.) ஆனால் அரக்கு மட்டும் போதாது. அதோடு கல்தூளும் கலந்தார்கள். அந்தத் தூள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். புது எஃகு ஊசியை வைத்ததும், முதல் சில சுற்றுகளிலேயே ஊசிமுனை பள்ளத்தின் வடிவத்துக்குத் தேய்ந்து பொருந்திவிடும். அதாவது ஊசி தேயட்டும், தட்டு பிழைக்கட்டும் என்பது ஏற்பாடு.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. பக்கம் முடிந்தால் ஊசியைத் தூக்கி எறிய வேண்டும். பக்கக் கடைசியில் ஊசிமுனையில் உளிபோல ஓரங்கள் உருவாகியிருக்கும். அதையே அடுத்த தட்டில் வைத்தால் அந்த ஓரங்கள் பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். செதுக்கிய இடம்தான் சாம்பல் நிறமாகத் தெரிவது.

டப்பா ஊசி

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாட, கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் பதிவு செய்தார். இந்தியாவின் முதல் முக்கியமான பதிவுகள் அவை. தட்டாக அச்சிட ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது. பிறகு டம்டம் வந்தது. சென்னையில் 1930-களின் தொடக்கத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் கூட்டாளிகளும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் தட்டுகளை வெளியிட்டார்கள். ஏ.வி.எம். ஸ்டுடியோவுக்கு முன்னாலேயே அவர் இசைத்தட்டுத் தொழிலில் இருந்தார்.

தட்டோடு சேர்ந்து விற்றது ஊசி டப்பா. தீப்பெட்டியைவிடச் சின்னதான தகரடப்பா. நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. டப்பாவில் 200 ஊசிகள் இருக்கும். இரண்டு பக்கமும் கேட்டால் 100 தட்டுக்கு வரும். பிளேடு கம்பெனிகள் ரேசரைக் கொடுத்துவிட்டு பிளேடில் லாபம் பார்க்கும் வியாபாரத்தை வணிகவியல் மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். கிராமபோன் ஊசி அதே ரகம். இயந்திரம் ஒருமுறை, ஊசி ஆயுள் முழுக்க.

இந்த டப்பாக்களிலேயே ஒரு 'அப்கிரேடு' ஒளிந்திருந்தது. சாவி கொடுக்கும் கிராமபோனில் வால்யூம் திருகாணி கிடையாது. அதனால் ஊசியையே மூன்று கனத்தில் விற்றார்கள். கனமான ஊசி சத்தமாகப் பாடும். மெல்லிய ஊசி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சத்தம் குறையும், தட்டின் மேல் வரும் பாரமும் குறையும். இயந்திரத்தைத் தொடாமல் சில காசு செலவில் ஒலியை மாற்றும் முதல் வழி அதுதான்.

ஆனால் நம் ஊர்களில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஊசிக்குக் காசு தனியாகக் கொடுக்க வேண்டும். தட்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. 'இன்னும் ஒரு பாட்டுக்கு இதே ஊசி தாங்கும்' என்று நினைப்பது மனித இயல்பு. ஊசியில் மிச்சம் பிடித்த காசு தட்டில் கழிந்தது. நம் கைக்கு வரும் பழைய தட்டுகளில் சாம்பல் பூத்தவை இத்தனை இருப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

மூங்கிலும் முள்ளும்

தட்டைக் காப்பாற்ற நினைத்தவர்கள் எஃகையே விட்டார்கள். 1907 வாக்கில் அமெரிக்காவில் மூங்கில் நாரில் முக்கோணமாகச் சீவிய ஊசி வந்தது. அது தட்டை அவ்வளவாகக் கீறாது. முனை மழுங்கினால் ஒரு சின்னக் கத்தரியால் சாய்வாக வெட்டினால் புது முனை! ஒரே குச்சியை பலமுறை பயன்படுத்தலாம். சத்தம் குறைவு, கீச்சும் குறைவு. 1930-களில் கள்ளி முள்ளையே ஊசியாக்கினார்கள். முள்ளைக் கூர்தீட்ட உப்புத்தாள் வைத்த தனிக்கருவிகள் லண்டனில் விற்றன.

வேடிக்கை என்னவென்றால், மூங்கிலும் கள்ளியும் நம் ஊர் வேலியோரச் சமாசாரங்கள். அவற்றைப் பதப்படுத்தி, டப்பாவில் அடைத்து, பெயர் வைத்து விற்றவர்கள் மேல்நாட்டுக்காரர்கள்.

அட்டைத் துண்டில் ஒரு கணக்கு

1923-ல் இங்கிலாந்தில் 'தி கிராமபோன்' என்ற பத்திரிகையை எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி தொடங்கினார். அதில் 1924-ல் பெர்சி வில்சன் என்ற கணித ஆர்வலர் ஒரு விஷயத்தை எழுதினார். தட்டு பதிவாகும்போது வெட்டும் கருவி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. ஆனால் வீட்டு கிராமபோனின் கை ஒரு முளையில் மாட்டி வளைவாக நகர்கிறது. ஆக, ஊசி பெரும்பாலான இடங்களில் பள்ளத்துக்குச் சாய்வாகத்தான் நிற்கும். சாய்வு அதிகமானால் ஒலி கெடும், தட்டு தேயும்.

கையின் நீளத்தையும் முனையின் கோணத்தையும் சரியாக அமைத்தால் இந்தச் சாய்வைப் பெருமளவு குறைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1938-ல் சுவீடனின் லோஃப்கிரனும் 1941-ல் பேயர்வால்டும் கணக்கை இன்னும் செம்மைப்படுத்தினார்கள். இன்றைக்கும் கோடு வரைந்த ஒரு அட்டையை டர்ன்டேபிளின் நடுவில் மாட்டி, ஊசி அந்தக் கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் கார்ட்ரிட்ஜை முடுக்குகிறார்கள். அட்டையின் விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்தத் துறையில் செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் இதை மிஞ்ச ஆள் கிடையாது!

எல்.பி. வந்தது, ஊசி தங்கியது

1925-ல் மின்சாரப் பதிவு வந்தது. பின்னர் ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் வீட்டுக்கும் வந்தது. 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா 33 1/3 சுற்று எல்.பி.யை வெளியிட்டது. 1949-ல் 45 சுற்று வந்தது. புதுத் தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக். கல்தூள் கிடையாது. வினைல் மென்மையானது, ஊசியைத் தேய்த்துத் தனக்குப் பொருத்திக்கொள்ள அதால் முடியாது. அதனால் ஊசி முதலிலேயே வழவழப்பாக, மிகக் கடினமான கல்லில் செய்யப்பட்டிருக்க வேண்டும். நீலக்கல் அல்லது வைரம்.

இங்கேதான் கணக்கு தலைகீழானது. 'ஊசியைத் தூக்கி எறி, தட்டைக் காப்பாற்று' என்ற காலம் போய் ஊசி நிரந்தரம் ஆனது. அல்லது நிரந்தரம் என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள். நீலக்கல் ஊசியின் ஆயுள் சில பத்து மணி நேரம்தான். வைரம் சில நூறு மணி நேரம் தாங்கும். 500 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிட எல்.பி. பக்கம் ஒன்றில் ஊசி ஓடும் தூரம் சுமார் 400 மீட்டர். அப்படி 1500 பக்கம் ஓடினால் 600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஏறக்குறைய திருநெல்வேலி வரைக்கும் ஒரே முனையில் உரசிக்கொண்டே போவது போல! வைரமாக இருந்தால் என்ன, தேயத்தானே செய்யும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல். மேல்நாடுகளில் 78 சுற்றுத் தட்டு 1950-களோடு ஏறக்குறைய முடிந்துபோனது. இங்கே 1960-களின் பிற்பகுதிவரை அச்சானது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78-ல் வெளிவந்தன. சேகரிப்பவர்கள் இன்று அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான் இருக்க வேண்டும். எல்.பி.க்கு 25 அல்லது அதற்கும் கீழே. ஒரே வீட்டில் இரண்டு வகைத் தட்டும் இருக்கும் என்பதால் இரண்டு முனை கொண்ட கார்ட்ரிட்ஜ் வந்தது. சின்ன நெம்புகோலைத் திருப்பினால் ஒருபக்கம் 78, மறுபக்கம் எல்.பி. திருப்ப மறந்து எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடிமட்டக் குப்பையில் ஓடி இரைச்சலை வாரிக்கொண்டு வரும்.

மைக் செட் காலம்

மேற்குப் புறநகர் முளைத்துக்கொண்டிருந்த காலமும் இதுதான். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. 1960-களில் ஆவடியில் டாங்கி தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. ஊர் ஊராக ஆட்கள் வந்து குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. அவர்களுக்கு இசைத்தட்டு கேட்டது மைக் செட் வழியாகத்தான்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஆடி மாதம் என்றால் திருவேற்காடு, மாங்காடு தொடங்கி ஒவ்வொரு தெரு அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு காற்றில் வரும். 1965-ல் வந்த திருவிளையாடல் படத்தின் வசனத்தைத் தட்டில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு.

தமிழ்நாட்டில் தட்டு ஓட்டுவதை ஒரு தொழில்நுட்பமாகக் கற்றவர்கள் மைக் செட்காரர்கள்தான். வீட்டில் பிளேயர் வைத்திருந்தவர் வாரத்துக்கு இரண்டு தட்டு போட்டிருப்பார். மைக் செட்காரர் விடிகாலையில் பக்திப் பாட்டில் ஆரம்பித்து இரவு வரை ஓட்ட வேண்டும். அதுவும் எங்கே? பந்தல் ஓரத்தில், ஆடும் மேஜையில், புழுதியில், வெயிலில், லோ வோல்டேஜில்! தட்டு ஓட்டுவதற்கு உலகத்தில் இதைவிட மோசமான இடம் கிடைக்காது. அங்கே வந்த ஒவ்வொரு தொந்தரவுக்கும் பின்னால் ஒரு சின்னச் சாமான் இருந்தது.

வெயிலை எடுத்துக்கொள்வோம். அந்நாளைய மலிவான பிளேயர்களில் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் இருந்தது. அதற்குள் இருப்பது ரோஷெல் உப்பு என்ற படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும். நல்ல சத்தம் வரும், தனி முன்பெருக்கி தேவையில்லை. ஆனால் அது உப்பு! ஈரம் ஆகாது, 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெட்டே போகும். ஆடி வெயிலில் மூடிய பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும்? ஐப்பசி மழையில் என்ன ஈரம் இருக்கும்? சென்னைப் பக்கத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பொருள் அது. பின்னால் வந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கியது. கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் பழைய பிளேயரே மறுபிறவி எடுக்கும்.

நாலணா வைத்தியம்

ஊசி குதிக்கிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. கூட்டம் சிரிக்கிறது. கையில் கிடைத்த நாணயத்தை ஊசித்தலையின் மேல் வைத்தால் குதிப்பது நின்றுவிடும். உலகம் முழுக்க எல்லோரும் செய்த வைத்தியம் இது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செராமிக் கார்ட்ரிட்ஜ் சுமார் 5 கிராம் பாரத்தில் ஓடுவது. பழைய 25 பைசா நாணயத்தின் எடை 2.5 கிராம். அதை வைத்ததும் பாரம் ஒன்றரை மடங்காகிறது. அன்றைய இரவு காப்பாற்றப்பட்டது. தட்டின் ஆயுளில் ஒரு பகுதி செலவானது. உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. ஊசிமுனையில் தூசு உருண்டை சேர்ந்திருக்கும், ஊசி தேய்ந்திருக்கும், மேஜை சாய்ந்திருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை டர்ன்டேபிள் மேல் வைத்து, மேஜைக் காலுக்குக் கீழே ஒரு அட்டைத் துண்டைச் செருகினால் பாதிக் குதிப்பு நின்றுவிடும். நாணயம் வைத்தால் செலவு தெரியாது, ஏனென்றால் அந்தச் செலவு தட்டின் பெயரில் எழுதப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத செலவு இது.

பாரத்துக்கும் கீழே ஒரு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். குறைத்தால் நல்லது என்று மிகவும் குறைத்துவிட்டால் ஊசி பள்ளத்தில் ஒட்டாமல் துள்ளி, சுவரில் மோதி, இன்னும் அதிகமாகக் கெடுக்கும். கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொன்ன எடைதான் சரியான எடை. இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ்களில் பலவற்றுக்கு அது 2 கிராமை ஒட்டி இருக்கும். இதை அளக்கும் சின்னத் தராசு, ஒரு எல்.பி. வாங்கும் காசுக்குள் கிடைத்துவிடும்.

இழுக்கும் பாட்டு

'பாட்டு இழுக்குது' என்பது அடுத்த புகார். பல பிளேயர்களில் மோட்டாருக்கும் டர்ன்டேபிளுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. ரப்பர் நாளாக நாளாக இறுகும், பளபளப்பாகும், வழுக்கும். பாட்டு ஆடும். உப்புத்தாளால் அதன் விளிம்பை லேசாகத் தேய்த்தாலே பிடிப்பு வந்துவிடும். பெல்ட் வைத்த இயந்திரங்களில் தளர்ந்த பெல்ட்டை மாற்ற வேண்டும்.

வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் ஒரு காகிதம்தான். வட்டமான காகிதத்தில் சமதூரத்தில் 180 கோடுகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை சிமிட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் காகிதத்தைச் சுழலவிட்டால், வேகம் சரியாக 33 1/3 ஆக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னே நகர்ந்தால் குறைவு. (பல எல்.இ.டி. விளக்குகள் இப்படிச் சிமிட்டுவதில்லை. அவற்றின் கீழே இந்த வித்தை பலிக்காது.) அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேயர் அங்கே 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. இங்கே ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பாடுபவரின் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரப் படிகள் இறங்கி, சுசீலா குரல் ஆண்குரல் பக்கம் போய்விடும். மோட்டாரின் அச்சில் இருக்கும் சின்ன உருளையை மாற்றினால் சரியாகிவிடும்.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் 27 வயதில் இறந்துபோனார். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியதே 1938-ல்தான். அவர் எட்டுக்கட்டையில் பாடினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் குரல் இன்று நமக்குத் தட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே துல்லியமாக 78-ல் பதிவானவையும் அல்ல. ஓட்டும் வேகம் தப்பினால் நாம் கேட்பது கிட்டப்பாவின் சுருதி அல்ல, மோட்டாரின் சுருதி.

தூசு, பூஞ்சை, ஸ்பிரிட்

1950-களில் இங்கிலாந்தின் செசில் வாட்ஸ் 'டஸ்ட் பக்' என்ற சின்ன பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தார். தட்டு ஓடும்போதே கூட ஓடி, ஊசிக்கு முன்னால் தூசைத் துடைக்கும். குளிர்நாடுகளில் காற்று வறண்டிருக்கும். வினைலில் நிலைமின்சாரம் ஏறி தூசை இழுத்துக்கொள்ளும். அதற்காகவே எத்தனையோ கருவிகள் அங்கே விற்றன.

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். நிலைமின்சாரம் அவ்வளவு தொந்தரவு இல்லை. நம் எதிரி பூஞ்சை. அட்டை உறை ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சை பிடிக்கும், அது தட்டுக்குத் தாவும். ஆகவே லண்டன்காரருக்குத் தேவையான பிரஷ்ஷைவிட நமக்குத் தேவை நல்ல உள்ளுறையும், நிமிர்த்தி அடுக்கிய அலமாரியும், கொஞ்சம் காற்றோட்டமும். மேல்நாட்டுப் பட்டியலை அப்படியே பார்த்து சாமான் வாங்குபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வினைல் தட்டைத் துடைக்கும் திரவங்களில் ஸ்பிரிட் கொஞ்சம் கலந்திருக்கும். வினைல் அதைத் தாங்கும். அரக்குத் தட்டு தாங்காது. தச்சர்கள் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? அதே வேதியியல்தான். 78 தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் பாட்டும் கரைந்துவிடும்.

எதில் பலன், எதில் பெருமை

1980-களில் கேசட் வந்து தட்டை ஓரங்கட்டியது. மைக் செட்காரர்களும் கேசட்டுக்கு மாறினார்கள். பிறகு சி.டி., பிறகு பென் டிரைவ். தட்டின் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, அது திரும்பி வந்தது. 2022-ல் அமெரிக்காவில் சி.டி.க்களைவிட வினைல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை.

தட்டோடு சேர்ந்து சாமான் கடைகளும் திரும்பி வந்தன. தங்கம் பூசிய கம்பி, பளிங்குப் பலகை, கேபிளைத் தரையில் படாமல் தாங்கும் பீங்கான் கால் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றை எடைபோட வரலாறே ஒரு அளவுகோல் தருகிறது. தட்டும் ஊசியும் உரசும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஊசி, அதன் கோணம், அதன் எடை, தட்டின் சுத்தம், டர்ன்டேபிளின் மட்டம், வேகம், அதிர்வு ஆகியவை எல்லாம் அந்த இடத்திலேயே இருக்கின்றன. பிளேயருக்கு அடியில் மடித்த கோணியோ ரப்பர் துண்டோ போட்டு, ஸ்பீக்கரை வேறு மேஜைக்கு மாற்றினால் அதிர்வும் ஊளைச்சத்தமும் குறைவது யார் காதுக்கும் தெரியும். கம்பிக்குப் பூசிய தங்கம் அந்த இடத்திலிருந்து ரொம்ப தூரம்.

ஊசி செய்பவர்களின் கதையும் சுவாரசியமானது. ஜப்பானின் ஜிகோ நிறுவனம் 1873-ல் தையல் ஊசி செய்யத் தொடங்கியது. பிறகு இசைத்தட்டு ஊசிக்கு வந்தது. 2018-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஷூர் நிறுவனம் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்தியபோது, பழைய ஷூர் கார்ட்ரிட்ஜ்களுக்குப் பொருந்தும் ஊசிகளுக்கு மக்கள் ஜிகோவைத் தேடிப் போனார்கள். துணி தைத்த ஊசியின் வம்சம் இன்று பாட்டைத் தைக்கிறது!

தேய்ந்த தட்டுக்கு மறுவாழ்வு

கடைசியாக, இந்தக் கதையின் மிக நல்ல செய்தி. தேய்ந்த தட்டு முழுவதும் செத்துப்போனதல்ல. பழைய எஃகு ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசியது. அந்த இடம் மட்டும்தான் அதிகம் கெட்டிருக்கும். அதற்கு மேலேயோ கீழேயோ சுவர் அவ்வளவு கெடாமல் இருக்கலாம். அதனால் பழைய தட்டுகளை டிஜிட்டல் ஆக்குபவர்கள் ஒரே ஒரு ஊசியை வைத்துக்கொள்வதில்லை. பல ஆரங்களில், முனை மழுக்கப்பட்ட ஊசிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். எது தேயாத பகுதியைத் தொடுகிறதோ அதில் இரைச்சல் விலகி, குரல் எழுந்து வரும்.

மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தின் கீழ் ஓடியன் தட்டுகளை டிஜிட்டலாக்கினார்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் பல்லாயிரம் 78 தட்டுகளைச் சேர்த்தார். இப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால், அசல் அச்சு காணாமல் போன எத்தனையோ பாட்டுகள் வெறும் பட்டியலில் பெயராக மட்டும் நின்றிருக்கும். பல பாட்டுகளுக்கு மிச்சம் இருப்பது யாரோ ஒருவர் வீட்டில், யாரோ ஒருவர் ஊசியை நேரத்துக்கு மாற்றியதால் தப்பிய ஒரே ஒரு தட்டுதான்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தாத்தா வீட்டுப் பரணில் இன்னும் இப்படித் தட்டுகள் இருக்கலாம். மைக் செட் கடையை மூடியவர் வீட்டிலும் இருக்கலாம். கிடைத்தால் உடனே ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். கூடவே கிடைத்த பழைய பிளேயரில், அதில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஊசியில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். அந்த ஊசி எத்தனை திருவிழா பார்த்ததோ யாருக்கும் தெரியாது. முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். தட்டின் வகைக்கு ஏற்ற புது ஊசியை மாட்டுங்கள். மட்டம் பாருங்கள், எடை பாருங்கள். பிறகு ஓட்டுங்கள், ஓட்டும்போதே பதிவும் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது, ஊசிக் கணக்கிலா தட்டின் கணக்கிலா என்பதை மட்டும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.